நாகூர் முற்றத்தில் ஓர் எழுதுகோல்

நாகூரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வானத்தை நோக்கியே தொடங்குவர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (ஆட்சி 1739–1763) எழுப்பிய 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவும், கந்தூரிக் காலத்தில் மனாராக்களில் ஏறும் கொடிகளுமே அவர்தம் கண்ணில் முதலிற் படும். அது இயல்பே. ஆயினும் ஓர் ஊரின் வரலாறு உயர்ந்த கட்டடங்களில் மட்டும் நிகழ்வதன்று. கதவு சாத்திய வீடுகளின் முற்றங்களிலும் நிகழ்வதுண்டு. அத்தகைய வீட்டு வரலாறு ஒன்றை ஈண்டுச் சிந்திப்போம்.

1938ஆம் ஆண்டில் 'காதலா? கடமையா?' என்னும் நாவல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள். பிறந்த ஆண்டு 1917. பள்ளியில் கற்றது மூன்றாம் வகுப்பு வரை. இளம்பருவத்திலேயே மணம் செய்து கொடுக்கப்பட்டவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். அவருடைய நாவலுக்கு முன்னுரை அளித்தவரோ மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். தமிழில் நாவல் படைத்த முதல் முஸ்லிம் பெண்மணி என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஜுனைதா பேகம் அவர்களைக் குறிப்பர்.

நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. 'இஃது இளமைதானே, இதில் வியப்பென்ன?' என்று இக்காலத்தார் வினவக்கூடும். இருபத்தொரு வயதில் இன்றைய பெண்மக்கள் கல்லூரிப் படிப்பை முடித்து மேலும் கற்கச் செல்கின்றனர். அன்றைய கணக்கோ வேறு. சிறுமியாய் இருக்கும்போதே பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டுப் பருவம் எய்துமுன்னரோ எய்திய உடனேயோ மணமுடிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருபத்தொரு வயது என்பது, கற்கவேண்டியவை எல்லாம் முடிந்துவிட்டன என்று ஊரார் தீர்ப்பளித்துவிட்ட வயது. அவ்வயதில் ஒருத்தி புதிதாக ஒன்றைக் கையில் எடுப்பது, அடைத்த கடையை நள்ளிரவில் திறப்பதுபோல் அக்கம்பக்கத்தார்க்குத் தோன்றும். 'யாருக்காக இது? எதற்காக?' என்று கேட்பர். அக்கேள்வியைத் தாண்டி எழுதினார் என்பதே அவர் வரலாற்றில் நாம் கருத வேண்டிய பகுதி.

அவர் வாழ்ந்த சூழலைச் சற்றே காண்போம்.

காவிரிப் படுகையின் கடைமடையில், கடலும் வயலும் சந்திக்கும் இடத்தில் அமைந்தது நாகூர். உள்நாட்டு ஊர்களில் ஆடவர் வயலுக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவர். கடற்கரையூர்களிலோ ஆடவர் சபர் சென்று ஆண்டுகள் கழித்தே திரும்புவர். 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். நம் மக்கள் நாவில் அது 'சபர்' ஆகிப் பொருள்தேடிக் கடல் கடந்து போவதையே குறிக்கலாயிற்று. போனவர் 'சபராளி' ஆனார். பினாங்கும் சிங்கப்பூரும் இரங்கூனும் நம் வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்களாயின. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா, அப்பயணங்கள் எத்துணைப் பழமையானவை என்பதற்குக் கல்லிலே நிற்கும் சான்று. பிற்காலத்தில் சென்னையினின்றும் நாகப்பட்டினத்தினின்றும் மலாயாவுக்கு மக்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத வீடு நம் கடற்கரையில் இல்லை. 1973 வரை அக்கப்பல் ஓடியது.

கப்பலேறியவர் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. கரையில் நின்றவர் வரலாறு மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. மணமான சில திங்களில் கணவர் சபர் செல்ல, அவர் அனுப்பும் காயிதத்தை எதிர்நோக்கி வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டபின் 1945 வரையில் அக்காயிதப் போக்குவரத்தும் முறிந்துபோயிற்று. கணவர் உயிருடன் உள்ளாரா என்பதை அறியாமலே பல வீடுகளில் அடுப்பெரிந்தது. நிறைந்த கூட்டுக் குடும்பத்தில், மாமியாரும் நாத்தனாரும் பிள்ளைகளும் சூழ இருந்தும் தனிமை என்பது இத்தகையோர்க்கு அன்றாட உணவாயிற்று.

கைம்பெண்ணின் தனிமை இதனினும் கொடிது. மார்க்கம் அவளுக்கு விதித்த இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் ஆகும். அத்தவணை முடிந்ததும் அவள் தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையுடையவள். திருமறையின் தீர்ப்பு அது. ஊர் வழக்கமோ அந்த நான்கு மாதத்தை நாற்பது ஆண்டாக நீட்டிவிடுகின்றது. உடுப்பதில், சிரிப்பதில், வெளியே செல்வதில், புதிதாய் ஒன்றைக் கற்பதில் எல்லாம் ஓர் எழுதாச் சட்டம் அவளைச் சூழ்ந்து நிற்கின்றது. ஷரீஅத்து திறந்துவிட்ட கதவை வழக்கம் சாத்திவைத்தது என்றே இதனைக் கூறவேண்டும்.

நம் பெண்கள் எழுத்தறிவே அற்றவராய் இருந்தனர் என்று கருதுவதும் பிழை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் சட்டநூல்களும் மாலைகளும் வீட்டுக்கு வீடு ஓதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் அவ்வெழுத்தில் பொதுமக்களுக்கென நூல்கள் யாத்தனர். கீழக்கரை ஆசியா உம்மா போன்ற பெண்டிர் ஞானப்பாடல்களும் பாடினர். ஆகவே பெண் ஓதுவதையும் இறைவனைப் பாடுவதையும் ஊர் ஏற்றிருந்தது. ஏற்காதது எது? பெண் ஒருத்தி, உலகியல் பற்றி, உரைநடையில், கதையாக எழுதி, அதனை அச்சில் ஏற்றி, அறியாத ஆடவரும் படிக்குமாறு வெளியிடுவதை. அதிலும் 'காதல்' என்னும் சொல்லை நூலின் தலைப்பிலேயே வைப்பதை! அக்காலத்தில் ஆண் எழுதினாலும் அச்சொல்லைக் கண்டு புருவம் நெறித்தோர் உண்டு.

ஜுனைதா பேகம் அவர்கள் விரும்பியிருப்பின் ஒரு புனைபெயருக்குள் ஒளிந்திருக்கலாம். அங்ஙனம் செய்தோர் பலர். அவரோ தம் சொந்தப் பெயரையே நூலில் இட்டார். பெண்ணின் பெயர் அயலார் காதில் விழுவதே தகாது என்றிருந்த காலத்தில் அது சிறிய செயலன்று.

அவருக்குக் கிடைத்த முன்னுரையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1855இல் பிறந்த சாமிநாதையர் அவர்களுக்கு அப்பொழுது வயது எண்பத்துமூன்று. அவரும் இதே காவிரி நாட்டினர், உத்தமதானபுரத்தார். அவருடைய ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடமே நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலரும் (1833–1908) பாடங்கேட்டார் என்பது நம் இலக்கிய உலகம் போற்றும் செய்தி. எனவே நாகூரின் புலமை அவருக்குப் புதிதன்று. புதிது எதுவெனின், பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒரு முஸ்லிம் இளம்பெண்ணின் கையெழுத்துப்படி. தமிழ்நாடு முழுதும் வணங்கிய அம்முதியவர் அதனை ஒதுக்கவில்லை. தம் பெயரை அதனோடு சேர்த்தார். அம்முதியவரே தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல், எண்பத்தைந்தாம் வயதை எட்டுங்காலத்தில்தான் என்பதும், 1942இல் இறப்பு வந்து தடுக்கும்வரை அதனை நிறுத்தவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. வயது கடந்து ஒன்றைத் தொடங்குவதன் அருமையை அவர் தம் வாழ்விலேயே மெய்ப்பித்தார்.

ஜுனைதா பேகம் அவர்கள் ஒரு நூலோடு ஓயவில்லை. 'சண்பகவல்லி தேவி', 'மகிழம்பூ', 'இஸ்லாமும் பெண்களும்' முதலிய நூல்களை எழுதினார். 1998இல் மறையும்வரை நாகூரே அவர்தம் ஊராக இருந்தது. எழுத்து அவருக்கு உத்தியோகமன்று; ஊதியமும் அன்று. வீட்டுப் பணிகளுக்கிடையே கிடைத்த நேரத்தைத் தம் கையால் ஆக்கப் பணியாக மாற்றிக்கொண்ட ஒரு விருப்பமே அது. அவ்விருப்பம் முற்றத்திலிருந்த அவரைத் தமிழகத்தின் வாசகர் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது.

இனி, நம் குடும்பங்களில் எழும் ஒரு வினாவுக்கு வருவோம். 'வயது வந்தவர்க்கு இத்தகைய விருப்பங்கள் தகுமா? இவை வீண் பொழுதுபோக்கு அல்லவா? பெரியவர் பெரியவராக அடங்கி இருப்பதன்றோ அழகு?' என்று கேட்கின்றனர். கேட்போர் பலர் இதனை மார்க்கத்தின் பெயராலேயே கேட்கின்றனர். ஆகவே மார்க்கப் பெரியோர் வரலாற்றினின்றே விடை காண்பது முறை.

உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் நபித்தோழர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா நகர் புகுந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். பிற்காலத்தில் எகிப்தின் ஆளுநராகவும் இருந்து, ஹிஜ்ரி 58இல் அந்நாட்டிலேயே மறைந்தவர். முதுமையிலும் அவர்கள் அம்பெய்து பழகி வந்தனர். அக்காலப் பயிற்சி முறை ஒன்று உண்டு. இரண்டு இலக்குகளை எதிரெதிரே தொலைவில் நிறுத்துவர். ஓர் இலக்கின் அருகே நின்று மற்றதை நோக்கி எய்வர். பின் நடந்து சென்று, அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு, அங்கிருந்து முதல் இலக்கை நோக்கி எய்வர். ஆகவே வில்வித்தை கைக்கு மட்டுமன்றிக் காலுக்கும் வேலை தரும் பயிற்சியாகும். முதிய வயதில் உக்பா (ரலி) அவர்கள் இங்ஙனம் இரண்டு இலக்குகளுக்கிடையே போவதும் வருவதுமாய் இருப்பதைக் கண்ட ஒருவர், 'வயதாகிவிட்டதே, இது தங்களுக்குச் சிரமமாயிற்றே' என்னும் கருத்துப்படக் கூறினார். உக்பா (ரலி) அவர்களோ, கற்ற வில்வித்தையைக் கைவிடுதலை நபிகளார் கண்டித்ததைத் தாம் கேட்டிருப்பதாகவும், அதனாலேயே இச்சிரமத்தை ஏற்பதாகவும் விடை பகர்ந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது.

கூறியவர் தீய எண்ணத்தோடு கூறவில்லை என்பதை நோக்குக. அன்பினாலேயே கூறினார். நம் வீடுகளிலும் முதியோரைத் தடுப்பது பெரும்பாலும் பகைமையன்று, இத்தகைய அன்பே. 'உங்களுக்கு ஏன் இந்த வயதில்?' என்னும் அன்பு மொழி எத்தனையோ முதியோரை நாற்காலியோடு பிணித்துவிட்டது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் தோழர்களை முன்னே போகச் செய்து, ஆயிஷா (ரலி) அன்னையாரோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையார் வென்றதும், பல நாள் கழித்து மறுமுறை நபிகளார் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. ஹிஜ்ரத்துக்குப் பிந்திய அக்காலத்தில் நபிகளாரின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. இரண்டு இலக்குகளுக்கிடையே நடப்பதையும், குதிரையைப் பழக்குவதையும், நீச்சல் கற்பதையும், மனையாளோடு மகிழ்ந்திருப்பதையும் வீண் விளையாட்டினின்றும் விலக்கிவைத்த நபிமொழியும் உண்டு. பயன் தரும் விருப்பம் வேறு, பொழுதைக் கொல்லும் கேளிக்கை வேறு என்னும் வேறுபாட்டை நம் ஆலிம்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கல்வித்துறையில் வேறொரு சான்று. இமாம் கிஸாயீ அவர்களை அறியாத திருக்குர்ஆன் ஓதுநர் இல்லை. புகழ்பெற்ற ஏழு காரிகளுள் ஒருவர். அவர்கள் இலக்கணம் கற்கத் தொடங்கியதே வயது வந்த பின்னர்தான். நெடுந்தொலைவு நடந்து களைத்து ஒரு கூட்டத்தாரிடம் வந்தவர், தாம் களைத்ததைக் கூறும்போது வினைச்சொல் ஒன்றைப் பிழைபட உரைத்துவிட்டார். 'எங்களோடு பழகும் நீரா இப்படிப் பேசுவது?' என்று அவர்கள் குறை கூறினர். அவமானம் தாளாத கிஸாயீ அப்பொழுதே எழுந்து ஆசிரியரைத் தேடிச் சென்றார். பின்னர் பஸ்ராவில் கலீல் பின் அஹ்மத் அவர்களை அடைந்து, தங்கள் ஞானம் எங்கே பெற்றது என வினவ, ஹிஜாஸ், நஜ்து, திஹாமா பாலைவனங்களின் மக்களிடம் என்று விடை வந்தது. உடனே பாலைவனம் புகுந்தார். நாடோடி மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதியதில் பதினைந்து புட்டி மை தீர்ந்தது என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். திரும்பி வந்தபோது கலீல் அவர்கள் மறைந்திருந்தனர். ஆயினும் அவரிருந்த இடத்தில் வீற்றிருந்த யூனுஸ் அவர்கள் கிஸாயீயின் புலமையைக் கண்டு மதித்தார்கள். பழித்த நாவுக்குப் பதிலாகக் கிஸாயீ ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. பதினைந்து புட்டி மையையே பதிலாக்கினார்.

நம் கடற்கரையூர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மர்வு நகரத்துக் கஃப்பால் அவர்கள் (ஹிஜ்ரி 327–417) பூட்டுச் செய்யும் தொழிலாளி. கஃப்பால் என்னும் பெயரே 'பூட்டுச் செய்பவர்' எனப் பொருள்படும். மிகச் சிறிய பூட்டைத் திறவுகோலோடு செய்யும் கைத்திறம் படைத்தவர். முப்பது வயதை எய்திய பின்னரே சட்டக் கலையைக் கற்கத் தொடங்கினார்; குராசான் பகுதி ஷாஃபிஈ அறிஞர்களின் தலைவராக உயர்ந்தார். முப்பது வயதுத் தொழிலாளி, இளஞ்சிறுவர் நடுவே பாடங்கேட்க அமர்ந்த அந்த முதல் நாளை எண்ணிப் பாருங்கள். அந்நாளைக் கடந்ததால் அன்றோ பின்வந்த அறுபது ஆண்டும் கிடைத்தன!

இவ்வரலாறுகளை நாகூர்ப் பெண்மணியின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. இவர்களுள் எவரும் துணை வந்து சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊர் மெச்சட்டும் என்றும் காத்திருக்கவில்லை. தனிமையிலேயே தொடங்கினர். தொடங்கிய பணியே துணையைக் கொண்டுவந்தது. கிஸாயீக்குப் பாலைவனத்து மக்கள் கிடைத்தனர். கஃப்பாலுக்கு மாணவர் கூட்டம் கிடைத்தது. ஜுனைதா பேகத்துக்கு முகமறியா வாசகர்கள் கிடைத்தனர். தனிமை தீர்ந்தபின் தொடங்கலாம் என்றிருப்போர்க்குத் தனிமையும் தீர்வதில்லை, தொடக்கமும் வாய்ப்பதில்லை.

இதனை இன்று சொல்லவேண்டிய தேவை உண்டு. ரஜூலா கப்பல் நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சபர் நிற்கவில்லை. திசைமட்டும் மாறி, துபாய், ரியாத், குவைத் என்றாயிற்று. காயிதத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. நாள்தோறும் முகம் பார்த்துப் பேச முடிகின்றது. பேச்சு முடிந்ததும் வீடு முன்னிலும் வெறுமையாகின்றது. பிள்ளைகள் மணமாகிச் சென்னைக்கும் அயல்நாட்டுக்கும் சென்றபின், பெரிய வீட்டில் தனித்திருக்கும் தாய்மார் பலர். முப்பது ஆண்டு அயல்நாட்டில் உழைத்து ஊர் திரும்பிய ஆடவர் நிலையும் இரங்கத்தக்கதே. உடன் பயின்றோர் சிதறிவிட்டனர். சொந்த ஊரிலேயே அவர் விருந்தாளி. தொழுகைக்கும் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தை என் செய்வது என்று அறியாமல் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்.

இத்தகைய தந்தை ஒருவர் சில்லடிக் கடற்கரையில் விடியலில் நடக்கப் புறப்பட்டாலோ, சிலம்பக் கம்பைக் கையில் எடுத்தாலோ, தையலோ தோட்டமோ தமிழ் யாப்போ கற்கத் தொடங்கினாலோ, முதலில் கேட்பது வீட்டாரின் சிரிப்பொலியே. தாய் ஒருத்தி குறிப்பேடு ஒன்று வாங்கித் தரும்படி கேட்டால், 'உம்மா, இனிமேல் எழுதி என்ன செய்யப் போறீங்க?' என்று மகன் நகைக்கின்றான். அவன் நகைப்பில் நஞ்சில்லை. ஆயினும் உம்மா அதன்பின் குறிப்பேடு கேட்பதில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பர். அது மெய்தான். ஆனால் வீட்டுவாயை மூட நம்மால் இயலும். அதற்கு உலைமூடி வேண்டியதில்லை, சிறிது நாணம் போதும்.

1938இல் அந்தக் கையெழுத்துப்படியைப் பெற்ற எண்பத்துமூன்று வயதுப் பெரியவர், 'இவளுக்கு ஏன் இது?' என்று கேட்டிருப்பின் ஒரு நாவல் முன்னுரையின்றி வந்திருக்கும். ஒருவேளை ஒரு மனம் ஒடிந்தும் போயிருக்கும். அவர் படித்தார், எழுதிக் கொடுத்தார். நம் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கித் தொடங்கும் பணிக்கு நாம் அத்துணைப் பெரிய முன்னுரை எழுத வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கலாம். ஒரு குயர்த் தாளும் ஒரு பேனாவும் வாங்கித் தரலாம். எழுதியதைப் படித்துக் காட்டும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கலாம். தொடங்குவோரும், சிரிப்பு ஓயட்டும் என்று காத்திராமல், சிரிப்பின் நடுவிலேயே முதல் வரியை எழுதுக. முதல் அடியை வைக்குக. கொடுத்த வாழ்நாளில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்கும் இறைவன், இன்ன வயதுக்குமேல் கணக்கில்லை என்று எங்கும் கூறவில்லை.